புதுப்பித்த மாரிஸ் மைனரில் பிரேக் பெடல் சரியில்லையா? கடைக்குப் போகும் முன் பெடலை மிதித்துப் பாருங்கள்

பெயின்ட் அடித்தாயிற்று, சீட் தைத்தாயிற்று, குரோம் பூச்சும் முடிந்தது. வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே எடுக்கலாம் என்று உட்கார்ந்து மிதித்தால் பிரேக் பெடல் நேராகத் தரைக்குப் போகிறது. என் 1959 மாரிஸ் மைனர் 1000 முதல் நாளில் இதைத்தான் செய்தது. மாஸ்டர் சிலிண்டர் (மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) புதிது, ஆறு வீல் சிலிண்டரும் (அந்த ஆயிலை வாங்கிச் சக்கரத்தில் பிரேக்கை விரிக்கும் பாகம்) புதிது, மூன்று ஓஸும் புதிது, பைப் முழுக்கப் புதிது, லைனிங்கும் புதிது. இவ்வளவு போட்ட பிறகும் பெடல் இறங்கினால் எங்கே தேடுவது என்றே தெரியாது, கையில் அகப்பட்டதை எல்லாம் கழற்றத் தோன்றும். நானும் அப்படிக் கழற்றி மாட்டியே மூன்று மாதத்தை விட்டேன். அந்த மூன்று மாதம் உங்களுக்கும் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தினமும் ஓடுகிற வண்டியில் பிரேக் கெட்டால் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கும், இல்லையென்றால் எங்கேயோ ஒழுகும், கண்டுபிடித்துவிடலாம். புதுப்பித்த வண்டியின் கதை வேறு. அதில் தேய்ந்த பாகம் என்று எதுவும் இல்லை, ஆனால் எல்லா இடத்திலும் கை வைத்திருக்கிறோம். ஒரு வாஷர் விட்டுப்போயிருக்கலாம், இடது பக்கத்துப் பாகம் வலது பக்கம் போயிருக்கலாம், ஷூ (லைனிங் ஒட்டிய, டிரம்மை உரசி நிறுத்தும் வளைந்த பாகம்) இன்னும் டிரம்மோடு பழகாமல் இருக்கலாம், புதுக் கார்ப்பெட் பெடலைத் தடுக்கலாம். புதுப் பாகம் என்றால் நல்ல பாகம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

மைனரை வைத்தே சொல்கிறேன், எனக்குக் கை பழகியது அதுதான். நான்கு சக்கரமும் டிரம் பிரேக்காக உள்ள மற்ற பழைய வண்டிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும், பாகங்கள் இருக்கும் இடமும் அட்ஜஸ்ட் செய்யும் முறையும்தான் மாறும்.

முதலில் அமைப்பு. மைனரில் இருப்பது லாக்ஹீட் கம்பெனியின் பிரேக். மாஸ்டர் சிலிண்டர் பானெட்டுக்குள் இருக்காது, டிரைவர் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில் ஓடும் பெட்டி மாதிரியான சட்டத்துக்குள் படுத்துக்கிடக்கும். கார்ப்பெட்டைத் தூக்கி, தரையில் உள்ள மூடியை எடுத்தால்தான் பிரேக் ஆயில் ஊற்றும் வாய் தெரியும். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர், பின் சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒன்று. முன்பக்கம் இரண்டு ஓஸ், பின் ஆக்சிலுக்கு ஒரு ஓஸ். 1962-ல் 1098 சிசி இன்ஜின் வந்தபோது முன் டிரம் 8 அங்குலமாகப் பெரிதானது, அதற்கு முந்தைய வண்டியில் சுற்றிலும் 7 அங்குலம்தான். இன்னொன்று மிக முக்கியம்: மொத்த வண்டிக்கும் ஒரே சர்க்யூட். எங்கே ஒரு பைப் விட்டாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும், பிறகு கையில் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும். அதனால் இந்த வேலையில் "இப்போதைக்கு ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெடல் என்ன சொல்கிறது

வண்டியை நிறுத்தியபடியே மிதியுங்கள். ஒரு தடவை மெதுவாக மிதித்து எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். உடனே இரண்டாவது, மூன்றாவது தடவை. அப்புறம் பலமாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். இந்த இரண்டு சோதனையிலேயே தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

முதல் மிதிக்கு ஆழமாகப் போய், இரண்டாவது மிதிக்கு மேலே வந்து கல் மாதிரி நிற்கிறதா? அது ஏர் (பைப்புக்குள் சிக்கிய காற்று) இல்லை. ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி அதிகம். முதல் மிதியில் போன ஆயில் அந்த இடைவெளியை அடைக்கவே சரியாகிவிடுகிறது. இரண்டாவது மிதிக்கு மேலே வந்தாலும் ஸ்பாஞ்சை அமுக்குவது போல மெத்தென்று இருந்தால்தான் ஏர். எந்த உயரத்தில் நின்றாலும் சரி, காலை அழுத்திப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கேயோ கசிவு. வெளியே ஒழுகலாம், மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே கப் வாஷரை (ஆயிலைத் தடுத்து நிறுத்தும் கிண்ண வடிவ ரப்பர்) தாண்டி ஆயில் திரும்பி வரலாம். காலையில் முதல் மிதி தரைக்குப் போய், பம்ப் அடித்தால் நன்றாகி, பத்து நிமிடம் விட்டால் மறுபடி தரைக்குப் போகிறது என்றால் அது தனிக் கதை, கீழே சொல்கிறேன், என் வண்டி அந்தக் கதைதான். பெடல் நன்றாக உயரத்தில், கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் ஹைட்ராலிக்கில் தேடாதீர்கள், லைனிங், டிரம், ஷூ மாட்டிய விதம், இவற்றில் தேடுங்கள்.

இதைச் செய்யாமல் நேராக "ஏர் எடுத்துடலாம்" என்று ஆரம்பிப்பதுதான் எல்லோரும் செய்வது. ஆயில் பாட்டில் பாட்டிலாகக் காலியாகும், பெடல் அப்படியே இருக்கும்.

ஷூ அட்ஜஸ்ட்மென்ட்தான் முதலில்

இதை அடித்துச் சொல்வேன். ஏர் எடுப்பதற்கு முன்பே ஷூவை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். ஷூ டிரம்மை விட்டு விலகி நின்றால் வீல் சிலிண்டர் பிஸ்டன் அதிக தூரம் வெளியே வர வேண்டியிருக்கும், ஒரு மிதிக்குள் அவ்வளவு ஆயிலை மாஸ்டர் சிலிண்டரால் தள்ள முடியாது. பெடல் தரைக்குப் போகிறது என்று என்னிடம் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு இதோடே சரியாகிவிட்டது.

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி வேலை செய்யாதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் அல்லது கட்டை வையுங்கள். பின் சக்கரத்தில் வேலை செய்யும்போது ஹேண்ட் பிரேக் விட்டிருக்க வேண்டும் என்பதால் கட்டை இன்னும் முக்கியம். வீல் கப்பைக் கழற்றி, சக்கரத்தைச் சுற்றினால் சக்கரத்திலும் டிரம்மிலும் உள்ள துளை வழியாக அட்ஜஸ்டரின் வெட்டுள்ள தலை தெரியும். ஸ்க்ரூடிரைவரை விட்டு, டிரம் சுற்றாமல் பிடிக்கும்வரை கடிகாரம் சுற்றும் பக்கமாகத் திருப்புங்கள், பிறகு ஒரு கிளிக் பின்னால் விடுங்கள். பின் சக்கரத்துக்கு ஒரு அட்ஜஸ்டர், முன் சக்கரத்துக்கு இரண்டு. இங்கேதான் பலர் தவறுவது: முன் சக்கரத்தில் ஒன்றைத் திருப்பிவிட்டு முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். டிரம்மை அரைச் சுற்று சுற்றினால் அடுத்தது வரும்.

ஒரு சக்கரத்தை முடித்ததும் பெடலை இரண்டு தடவை பலமாக மிதித்து, ஷூ தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு மறுபடி பார்க்க வேண்டும். லேசாக உரசும் சத்தம் இருந்தால் பரவாயில்லை. ஹேண்ட் பிரேக் கேபிளைக் கடைசியில்தான் தொட வேண்டும். கேபிளை முதலில் இழுத்துக் கட்டிவிட்டால் பின் ஷூ ஏற்கெனவே விரிந்து நிற்கும், அட்ஜஸ்ட் ஆன மாதிரி ஏமாற்றும்.

ஒரு சின்ன சோதனை. ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்துவிட்டு பெடலை மிதியுங்கள். முன்பைவிட நன்றாக மேலே நின்றால் பின் ஷூவில்தான் இடைவெளி.

அட்ஜஸ்ட் செய்தும் பெடல் உயரவில்லை, அல்லது உயர்ந்தும் ஸ்பிரிங் மாதிரி இருக்கிறது என்றால், புது லைனிங் டிரம்மின் வளைவோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பழைய டிரம்மை லேத்தில் கடைந்திருப்பார்கள், அதனால் அதன் சுற்று பெரிதாகியிருக்கும், புது லைனிங்கோ பழைய அளவுக்கே வந்திருக்கும். நடுவில் ஒரு கோடு மட்டும் தொடும், இரண்டு முனையும் அந்தரத்தில் நிற்கும், மிதிக்க மிதிக்க ஷூவே வளையும். கால் அதை ஏர் என்று நினைக்கும். லைனிங் மேல் சாக்பீஸால் குறுக்குக் கோடு போட்டு, டிரம்மை மாட்டி, மெல்ல பிரேக் பிடித்தபடி சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். கோடு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே மட்டும்தான் லைனிங் தொடுகிறது. கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் ஓடி ஓடிப் பழகிவிடும். நடுவில் இரண்டு விரல் அகலம்தான் அழிந்திருக்கிறது என்றால் லைனிங் ஒட்டும் கடையில் டிரம்மையும் கூடவே கொடுத்து, அதன் வளைவுக்கு லைனிங்கைத் தேய்த்து வாங்குங்கள். கழற்றிய பழைய லைனிங் ஆஸ்பெஸ்டாஸாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, அந்தத் தூளை காற்று அடித்து ஊதக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

மிதிக்கும்போது பெடல் காலைத் தூக்கித் தூக்கி உதைத்தால் டிரம் வட்டமாக இல்லை என்று அர்த்தம். அதற்கு லேத் தவிர வேறு வழியில்லை.

முன்பக்கத்தில் இன்னொரு தப்பும் நடக்கும். மைனரின் முன் பிரேக்கில் இரண்டு ஷூவும் டிரம் சுற்றும் திசையோடு சேர்ந்து இழுபடும்படி அமைந்தவை, அதனால்தான் அவ்வளவு சின்ன டிரம் ஒரு வண்டியை நிறுத்துகிறது. பெயின்ட்டுக்காக எல்லாவற்றையும் கழற்றிக் குவித்துவிட்டு, மாட்டும்போது இடது பக்கத்து பேக்பிளேட் (ஷூவும் சிலிண்டரும் மாட்டியிருக்கும் தகடு) வலது பக்கம் போய்விட்டால், முன்னால் ஓடும்போது இரண்டு ஷூவும் தள்ளப்படும் பக்கமாகிவிடும். பெடல் உயரத்தில் கெட்டியாக நிற்கும், வண்டி மட்டும் நிற்காது, ரிவர்ஸில் பிரேக் பிரமாதமாகப் பிடிக்கும். ரிவர்ஸில் நன்றாகப் பிடித்து முன்னால் போகும்போது பிடிக்காவிட்டால் வேறெங்கும் தேட வேண்டாம். முன் சக்கரத்தில் ஒவ்வொரு சிலிண்டரின் பிஸ்டன் முனையும், வண்டி முன்னால் போகும்போது டிரம் சுற்றுகிற திசையிலேயே அதன் ஷூவைத் தள்ள வேண்டும், அப்படி இருந்தால் சரி.

ஓஸை அடைத்துப் பார்ப்பது

ஷூ சரி, ஆனாலும் பெடல் மெத்தென்று இருக்கிறது அல்லது இறங்குகிறது. இப்போது கேள்வி, தப்பு மாஸ்டர் சிலிண்டரிலா, அதற்கு அப்பாலா? ஓஸ் அடைக்கும் கிளாம்ப் மூன்று வாங்குங்கள், வாய் உருண்டையாக, ரப்பரை வெட்டாத மாதிரி இருக்க வேண்டும். வெறும் லாக் பிளையரால் ஓஸை நசுக்காதீர்கள், உள்ளே கிழிந்துவிடும். புது ரப்பர் ஓஸில் மட்டும் செய்யுங்கள், கம்பி பின்னிய ஓஸ் போட்டிருந்தால் இந்த வழி வேண்டாம்.

மூன்று ஓஸையும் அடைத்துவிட்டு மிதியுங்கள். பெடல் மேலேயே கல் மாதிரி நின்றால் மாஸ்டர் சிலிண்டர் நன்றாக இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். இப்போது ஒவ்வொரு கிளாம்ப்பாக எடுத்து ஒவ்வொரு தடவையும் மிதியுங்கள். எதை எடுத்ததும் பெடல் விழுகிறதோ அந்தச் சக்கரத்தில் வேலை இருக்கிறது, பின் ஓஸ் என்றால் இரண்டு பின் சக்கரத்தையும் பார்க்க வேண்டும். மூன்றையும் அடைத்த பிறகும் பெடல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர், அல்லது அதற்கும் ஓஸுக்கும் நடுவில் உள்ள பைப், ஜாயின்ட், பிரேக் லைட் சுவிட்ச். ஆமாம், பிரேக் லைட் சுவிட்ச். மைனரில் அது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் சுவிட்ச், அதுவும் ஒழுகும், ஆனால் யாரும் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

மைனரில் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றுவது சாதாரண வேலை இல்லை என்பதால்தான் இந்தச் சோதனையை இவ்வளவு வலியுறுத்துகிறேன். அதைப் பிடிக்கும் போல்ட்டுகளை வெளியே இழுக்க முடியாதபடி முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் குறுக்கே நிற்கும். அந்த பார் முறுக்கேறி நிற்கிற இரும்பு, சஸ்பென்ஷனைத் தாங்கிப் பிடித்து, முறுக்கை இறக்காமல் அதில் கை வைத்தால் ஆளை அடித்துவிடும். மேனுவலில் உள்ள வரிசைப்படி செய்யுங்கள், முதல் தடவை என்றால் அனுபவமுள்ள ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே ஒழுகுகிறதா என்று பார்க்க: ஒருவர் பெடலை அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் டார்ச்சோடு ஒவ்வொரு ஜாயின்ட்டையும் டிஷ்யூ பேப்பரால் தொட்டுக்கொண்டே போக வேண்டும். வீல் சிலிண்டர் முனையில் உள்ள ரப்பர் தொப்பியைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே நனைந்திருந்தால் கப் போய்விட்டது. பின் சக்கரத்தில் ஈரம் இருந்தால் அது ஆக்சிலிலிருந்து வரும் கியர் ஆயிலாகவும் இருக்கலாம். தண்ணீர் விட்டுத் தேயுங்கள், கரைந்து போனால் பிரேக் ஆயில், வழவழவென்று ஒட்டிக்கொண்டால் கியர் ஆயில். எந்த ஆயிலாக இருந்தாலும் லைனிங் குடித்துவிட்டால் அந்த லைனிங்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பெட்ரோல் ஊற்றி எரிப்பது, சட்டியில் வறுப்பது எல்லாம் பட்டறையில் நான் பார்த்திருக்கிறேன், இரண்டு நாள் பிடிக்கும், சூடு ஏறினால் மறுபடி ஆயில் கக்கும்.

ஏர் எடுப்பது

ஷூவை அட்ஜஸ்ட் செய்தாயிற்று, ஒழுகல் இல்லை, இப்போது ஏர் எடுக்கலாம். எடுக்கும்போது மட்டும் ஷூவை இன்னும் ஒரு கிளிக் இறுக்கி, டிரம்மைப் பிடித்த நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் உள்ளேயே இருக்கும், சிலிண்டருக்குள் ஏர் தங்க இடம் குறையும். முடித்ததும் பழையபடி விடுங்கள்.

வலது பக்கம் ஸ்டியரிங் உள்ள நம் ஊர் வண்டிக்கு வரிசை: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நீளமான பைப் முதலில் என்பதுதான் கணக்கு. பிளாஸ்டிக் டியூபின் ஒரு முனையை நிப்பிளில் (வீல் சிலிண்டரில் ஏரை வெளியே விடத் திறக்கும் சின்னத் திருகு) மாட்டி, மறு முனையை ஆயில் உள்ள பாட்டிலுக்குள் முங்கியிருக்கும்படி வையுங்கள். பெடலை மிதிப்பவர் படபடவென்று பம்ப் அடிக்கக் கூடாது, அடித்தால் ஏர் நுரையாகி உள்ளேயே நிற்கும். மெதுவாக மிதித்து, கீழே பிடித்து, நிப்பிள் மூடிய பிறகு மெதுவாக விட வேண்டும். என் தம்பி மகன்தான் எனக்கு மிதிப்பான், "மிதி", "பிடி", "விடு" என்று மூன்று வார்த்தையை முன்பே பேசி வைத்துக்கொண்டால் குழப்பமே வராது.

ஆயில் வாயைப் பார்க்கத் தனியாக ஒருவர் இருந்தால் நல்லது. தரைக்கு அடியில் இருப்பதால் அளவு குறைவது கண்ணில் படாது, ஒரு தடவை காலியானால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள், ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் கப் வாஷரைக் கீறிவிடும். நிரப்பும்போது வாயின் அடியிலிருந்து அரை அங்குலம் கீழே நிறுத்துங்கள். மூடியில் உள்ள சின்னக் காற்றுத் துளை பெயின்ட்டால் அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிரேக் ஆயில் புதுப் பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, பட்டதும் கழுவுங்கள்.

புது மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் மாட்டும் முன்பே வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, பிஸ்டனை மெதுவாகத் தள்ளி உள்ளே உள்ள ஏரை எடுத்துவிட்டால் பிறகு பாதி நேரம் மிச்சம்.

என் வண்டியில் விட்டுப்போன வால்வு

காலையில் தரைக்குப் போகும், இரண்டு பம்ப் அடித்தால் அருமையாக நிற்கும், டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி தரைக்குப் போகும். ஒழுகல் எங்கேயும் இல்லை. ஏர் எடுத்தால் ஒரு நாள் நன்றாக இருக்கும். பட்டறையில் மாஸ்டர் சிலிண்டரையே மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். புது சிலிண்டரில் கடையில் வாங்கிய புது கிட்டை (உள்ளே போகும் ரப்பர், ஸ்பிரிங், வால்வு எல்லாம் சேர்ந்த பொட்டலம்) அவர்களே பிரித்து மாட்டித் தந்தார்கள். அதே நிலை.

கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன், அந்தக் காலத்தில் மைனரும் அம்பாசிடரும் மட்டுமே பார்த்தவர். பெடலை ஒரு தடவை மிதித்தார், காலை எடுத்தார், அஞ்சு நிமிஷம் பேசிக்கொண்டிருந்தார், மறுபடி மிதித்தார். "உள்ளே வால்வு போட்டீங்களா தம்பி?" என்றார். பிரித்தால் ஸ்பிரிங் மட்டும் இருக்கிறது, அதன் முனையில் உட்கார வேண்டிய செக் வால்வு இல்லை.

அந்த வால்வின் வேலை சின்னது, ஆனால் டிரம் பிரேக்குக்கு உயிர். பெடலை விட்ட பிறகும் பைப்புக்குள் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அந்த அழுத்தம்தான் வீல் சிலிண்டர் கப்பின் உதட்டைச் சுவரோடு ஒட்ட வைத்து, வெளிக்காற்று உள்ளே நுழையாமல் பார்க்கிறது. வால்வு இல்லையென்றால் ஷூ ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளித் தள்ளி ஆயிலைத் திருப்பி அனுப்பிவிடும், மைனரில் மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவு தாழ்வாக இருப்பதால் ஆயில் இறங்கவும் வசதி. அடுத்த மிதி முழுக்க அதை நிரப்பவே போகும். பழைய வண்டியிலிருந்து வால்வை எடுத்துப் போட்டார், அன்றைக்கே பெடல் மேலே வந்தது.

கிட் வாங்கியதும் பிரித்து, மேனுவல் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணுங்கள். செக் வால்வு, அது உட்காரும் வாஷர், ஸ்பிரிங், மெயின் கப், பிஸ்டனுக்கும் மெயின் கப்புக்கும் நடுவில் வரும் மெல்லிய வளைந்த வாஷர், பின் கப். அந்த மெல்லிய வாஷர் உறையோடு குப்பைக்குப் போவது சகஜம். அது இல்லாவிட்டால் பிஸ்டன் முகத்தில் உள்ள துளைகளுக்குள் கப் ரப்பர் உறிஞ்சப்பட்டுக் கிழியும். மாட்டும்போது எல்லாவற்றையும் பிரேக் ஆயிலில் நனைத்து மாட்டுங்கள். டீசல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ், இவற்றில் ஒரு துளி பட்டாலும் ரப்பர் உப்பிவிடும். அப்படி ஒரு தடவை தப்பான ஆயில் உள்ளே போய்விட்டால் கழுவிப் பயனில்லை, சிஸ்டத்தில் உள்ள ரப்பர் முழுவதையும் மாற்ற வேண்டும், ஓஸ் உட்பட.

பிரேக் விடாமல் பிடித்தால்

கிளம்பும்போது நன்றாக இருக்கும், ஐந்து கிலோமீட்டரில் வண்டி கனக்கும், பெடல் மேலே ஏறி இறுகிவிடும், டிரம் கையை வைக்க முடியாமல் சுடும். கொஞ்ச நேரம் நிறுத்தினால் தானாக விட்டுவிடும். மாஸ்டர் சிலிண்டரில் மெயின் கப்புக்குச் சற்று முன்னால் ஊசி முனை அளவு ஒரு துளை உண்டு. பெடலை விட்டதும் கப் அந்தத் துளையைத் தாண்டிப் பின்னால் வர வேண்டும், அப்போதுதான் சூட்டில் விரியும் ஆயில் அது வழியாகத் தொட்டிக்குத் திரும்பும். கப் வராமல் துளையை மூடிக்கொண்டே இருந்தால் ஆயில் போக இடமில்லாமல் ஷூவைத் தள்ளும்.

நான்கும் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நிப்பிளைத் திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி நான்கு சக்கரமும் விட்டால் மேலே சொன்னதுதான். பீய்ச்சிய பிறகு அந்த ஒரு சக்கரம் மட்டும் விட்டால் அதன் ஓஸ் உள்ளே அடைபட்டிருக்கிறது. பழைய ஓஸ் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே உப்பி, மிதிக்கும்போது ஆயிலை விட்டுத் திரும்பும்போது மறிக்கும். ஆயில் பீய்ச்சவே இல்லை என்றால் சக்கரத்தில்தான் ஏதோ இறுகியிருக்கிறது: பிஸ்டன், அல்லது ஹேண்ட் பிரேக் கேபிள், அல்லது ஸ்பிரிங்.

துளை மூடுவதற்குப் புதுப்பித்த வண்டியில் நான் பார்த்த காரணம் பெரும்பாலும் பெடல்தான். பெடலைக் கையால் அமுக்கினால் சுமார் அரை அங்குலம் சும்மா போய், அதன் பிறகுதான் பிஸ்டனைத் தொட வேண்டும். பெடல் ஆழமாகப் போகிறது என்று தள்ளுகோலை நீட்டி அந்த இடைவெளியைக் கொன்றுவிடுகிறார்கள், அதைச் செய்யாதீர்கள். பெடல் தண்டின் புஷ்ஷில் கிரீஸ் இல்லாமல் திணறினாலும், திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் பலவீனமாக இருந்தாலும், தரைத் துளையில் போட்ட புது ரப்பர் விறைப்பாகப் பிடித்தாலும் பெடல் முழுதாக மேலே வராது. கார்ப்பெட்டும் அப்படித்தான். தடிமனான அடிவிரிப்பு போட்டு அழகாக ஒட்டிவிடுவார்கள், ஒன்று பெடல் திரும்பி வராது, இல்லையென்றால் மிதிக்கும்போது பிரேக் பிடிக்கும் முன்பே கார்ப்பெட்டில் போய் நிற்கும். கார்ப்பெட்டை எடுத்துவிட்டு ஒரு தடவை சோதித்துப் பாருங்கள், செலவில்லாத சோதனை.

பழைய மாஸ்டர் சிலிண்டருக்கு ஸ்லீவ் (தேய்ந்த உட்சுவருக்குள் செருகும் புதுக் குழாய்) போட்டிருந்தால் அந்தச் சின்னத் துளையை ஸ்லீவிலும் போட்டார்களா, உள் ஓரத்தில் பிசிறு எடுத்தார்களா என்று பாருங்கள். பிசிறு இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் கப்பைச் சீவும்.

மலையில் இறங்கும்போது

நாம் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிறவர்கள், அதனால் இதையும் சொல்ல வேண்டும். கீழே இறங்க இறங்கப் பெடல் மெத்தென்று ஆகி ஆழமாகப் போனால் ஆயில் கொதித்து ஆவியாகிறது. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காமல் போனால் லைனிங் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு) ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய நிலைக்கான அளவு 155. டாட் 3-க்கு அதே கணக்கு 205, 140. வருடத்தில் நான்கு தடவை எடுக்கும் வண்டியின் ஆயில் ஓடாவிட்டாலும் பழசாகும். நான் டாட் 4 ஊற்றி இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முழுக்க மாற்றுகிறேன். சிலிகான் வகையான டாட் 5 பெயின்ட்டை உரிக்காது என்று சிலர் விரும்புகிறார்கள், ஆனால் அது சின்னக் குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பெடல் மெத்தென்றே இருக்கும், மற்ற ஆயிலோடு கலக்கவும் கூடாது. என் வண்டிக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். இறக்கத்தில் இரண்டாவது கியரில் வாருங்கள், பிரேக்கைத் தொடர்ந்து உரசிக்கொண்டே வராமல் விட்டு விட்டுப் பிடியுங்கள்.

சர்வோ (மிதிக்குக் கூடுதல் பலம் தரும் கருவி) மாட்டலாமா என்று கேட்பார்கள். சர்வோ காலின் பாரத்தைக் குறைக்கும், ஆழமாகப் போகும் பெடலை மேலே கொண்டுவராது. மேலே சொன்னதெல்லாம் சரியான பிறகு வேண்டுமானால் மாட்டுங்கள்.

முதல் ஓட்டம்

எல்லாம் முடிந்ததும் பெடலை முழு பலத்தோடு மிதித்து ஒரு நிமிடம் பிடியுங்கள், அசையக் கூடாது. ஒரு இரவு விட்டு, காலையில் முதல் மிதி எங்கே நிற்கிறது என்று பாருங்கள், நேற்றைய இடத்திலேயே நிற்க வேண்டும். பிறகு காலி மைதானத்தில், நடக்கும் வேகத்தில், ஒரு கை ஹேண்ட் பிரேக்கில். அப்புறம் இருபது, முப்பது. கூட்டமுள்ள ரோட்டுக்கு இன்றைக்குப் போக வேண்டாம். ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து நான்கு டிரம்மின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அது விடாமல் பிடிக்கிறது, ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால் அது வேலையே செய்யவில்லை. இருநூறு கிலோமீட்டரில் லைனிங் பழகிக் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஷூவை மறுபடி அட்ஜஸ்ட் செய்து, கார்ப்பெட்டைத் தூக்கி ஆயில் அளவையும் ஒரு தடவை பாருங்கள்.